ரேடியோ கடை அண்ணாச்சியும் 627756-ம்

போன ஆடித் தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவில்காரர்களுக்குத் தெரியும், தபசு அன்னிக்கு ரத வீதியில் நாம நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். அப்படித் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் நைட்டிக் கடை. வாசல் முழுக்க வரிசையாகத் தொங்குகிறது. ஒரு நிமிஷம் வேற தெருவுக்கு வந்துட்டோமோ என்று குழம்பிவிட்டேன். இல்லை, அதே இடம்தான். சிவப்பு சிமெண்ட் போட்ட படிக்கட்டு அப்படியே இருந்தது. அங்கேதான் நாற்பத்தைந்து வருஷமாக அண்ணாச்சியின் ரேடியோ கடை இருந்தது.

பிற்காலத்தில் அங்கே டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் எல்லாம் விற்றார். ஆனாலும் ஊருக்குள் அது கடைசிவரை ரேடியோ கடைதான். (பெயர் வேண்டாம், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது.) 1974-ல் போட்ட கடை, 2019-ல் மூடினார். மூடிய விஷயம் எனக்கு அப்பவே தெரியும். ஆனாலும் நைட்டியைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கூட வந்த சித்தப்பா மகன் சொன்னான், "எல்லாம் ஆன்லைன்காரன் பண்ணின வேலைண்ணே." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு வசதியான காரணம், நம்ம மேல பழி வராது பாருங்க. ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது உட்கார்ந்து வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு அப்படி வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

லைசென்ஸ் இருந்தால்தான் ரேடியோ

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது. மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று வால்வு ரேடியோக்கள். போட்டவுடன் பாடாது, சூடேறிய பிறகுதான் பாட ஆரம்பிக்கும். பிறகு டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ தோளிலும் சைக்கிளிலும் ஏறியது.

எங்க பக்கத்துக்கு 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. ஆனாலும் தெருவில் நடந்து போனால் கேட்பது பெரும்பாலும் இலங்கை வானொலிதான். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரலெல்லாம் எங்க ஊர்க்காரங்க குரல் மாதிரியே பழகிப்போயிருந்தது. சிலோன் ஸ்டேஷன் தெளிவாக இழுக்கிறதா என்பதுதான் ரேடியோ வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி. அண்ணாச்சி ஒவ்வொரு செட்டாகப் போட்டு, முள்ளைத் திருப்பி, பிடித்துக் காட்டுவார்.

அவர் வியாபாரியாக ஆரம்பித்தவர் இல்லை, மெக்கானிக்காக ஆரம்பித்தவர். ரிப்பேர்தான் தொழில், விற்பனை பக்கத்துணை. சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் உதிரி சாமான் வாங்கி வந்து, அவரே மரப்பெட்டி அடித்து ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பார். கோவில் கொடையில் மைக்செட் போடுகிற பாதிப் பேர் அவரிடம் வாங்கியவர்கள். கடைக்குள் நுழைந்தாலே ஈயப்பற்று வைக்கிற வாசனை அடிக்கும். அன்றைக்கு ஒரு சின்ன ஊரின் எலெக்ட்ரானிக்ஸ் கடை என்றால் அதுதான். சாமான் தெரிந்த ஆள் ஒருத்தர், ஒரு மேஜை, மேலே ஒரு பல்பு.

ஆண்டெனா காலம்

சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982. ஆனால் தெற்கே எங்களுக்குச் சென்னையும் தெரியாது, டெல்லியும் தெரியாது. 1982-ல் ஆரம்பித்த இலங்கை ரூபவாஹினிதான் நெல்லைச் சீமையில் பல பேர் பார்த்த முதல் டி.வி. மொட்டை மாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் மாட்டினால் புள்ளிப்புள்ளியாக ஒரு சிங்கள நாடகம் தெரியும். ஒரு வார்த்தை புரியாது. தெருவே உட்கார்ந்து பார்க்கும்!

கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான் (1980-களின் பின்பாதி) நம்ம டி.வி. ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. ராமாயணம் ஓடிய வருஷங்கள் அவை. சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா, அப்புறம் பி.பி.எல்., ஒனிடா, வீடியோகான். டி.வி. வாங்கினால் டி.வி. மட்டும் வாங்கினதாக அர்த்தம் இல்லை. ஆண்டெனா, கம்பம், பூஸ்டர், ஸ்டெபிலைசர், மாடியில் ஏறி "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கத்துகிற ஒரு ஆள், எல்லாம் சேர்த்துத்தான். காற்றடித்து ஆண்டெனா திரும்பினால் அதே ஆள் மறுபடி வர வேண்டும். ஆகவே எங்கே விலை குறைவு என்று யாரும் மதுரைக்குப் போகவில்லை. மதுரைக்காரன் வந்து ஆண்டெனா திருப்புவானா?

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. கேபிள் வந்ததும் ஆண்டெனா வேலை போச்சு. அண்ணாச்சி கடையை ஊரோடு கட்டிப்போட்டிருந்த முதல் கயிறு அறுந்தது அப்பொழுதுதான். அன்றைக்கு யாருக்கும் அது தெரியவில்லை. டி.வி. விற்பனை கூடின சந்தோஷத்தில் அவருக்கும் தெரியவில்லை.

நோட்டு

எங்க வீட்டுக்கு டி.வி. வந்தது 1988-ல். அப்பா விசைத்தறி ஓட்டினவர். வாரக் கூலி. கறுப்பு வெள்ளை சாலிடேர், ரொக்க விலை 2,900. அண்ணாச்சி நோட்டில் எழுதியது 3,100. தீபாவளி போனஸில் 500 முன்பணம், மிச்சம் வாரம் 40 ரூபாய் வீதம் 65 வாரம். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், ஏனென்றால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த 40 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அண்ணாச்சி வாங்கி, நீளமான நோட்டில் அப்பா பெயருக்கு நேரே எழுதிவிட்டு, "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்பார். வாரம் ஒரு தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம்.

தவணை வியாபாரம் அண்ணாச்சி கண்டுபிடித்ததில்லை. நம்ம தெற்குச் சீமையிலிருந்து சென்னைக்குப் போன வி.ஜி.பன்னீர்தாஸ் 1950-களிலேயே கடிகாரம், ரேடியோ எல்லாம் தவணையில் கொடுத்துப் பெரிய வியாபாரம் செய்தவர். அவரிடம் விற்பனையாளராக வேலை பார்த்த அகஸ்தீஸ்வரத்துக்காரர் வசந்தகுமார், 1978-ல் வெளியே வந்து வசந்த் அன் கோ ஆரம்பித்தார். பிற்பாடு கன்னியாகுமரி எம்.பி.யும் ஆனார், 2020-ல் கொரோனா சமயத்தில் இறந்துபோனார். தமிழ்நாட்டில் ஃபேன், டி.வி., மிக்சி எல்லாம் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது இந்தத் தவணை வழியாகத்தான்.

ஆனால் அண்ணாச்சி நோட்டுக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. தறிக்காரனுக்கு வாரத் தவணை. பூ விவசாயிக்கு வேற கணக்கு, மல்லிகை விலை ஏறுகிற முகூர்த்த மாதத்தில் மொத்தமாகக் கொடுப்பார். வத்தல் போட்டவர் வத்தல் விற்றதும் கொடுப்பார். தறி நின்ற வாரம் தவணையும் நின்றது, அபராதம் கிடையாது. அடுத்த வாரம் "என்ன தம்பி, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லயா?" அவ்வளவுதான் கேள்வி. டி.வி. எல்லாக் கடையிலும் இருந்தது. ஊரில் எவனுக்கு எப்போ காசு வரும் என்ற தகவல் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவருடைய உண்மையான சரக்கே அதுதான்.

அந்தக் காலமே சொர்க்கம் என்று எழுத நான் வரவில்லை. அந்த 200 ரூபாய் வட்டிதானே? ஸ்டெபிலைசர் வாங்காமல் டி.வி. தரமாட்டார். போன வருஷத்து மாடலைப் புதுசு என்று தள்ளிவிட்டதும் உண்டு. முக்கியமானது இன்னொன்று: நோட்டில் பெயர் ஏற வேண்டுமென்றால் அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் யாராவது ஜாமீன் சொல்ல வேண்டும். யாரைத் தெரியும், யாரைத் தெரியாது என்பது நம்ம ஊரில் எப்படி முடிவாகும் என்று உங்களுக்கே தெரியும். படி ஏறிவிட்டு, ஃபேன் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். "நீ யாரு, எந்தத் தெரு?" என்று கேட்காமல், எல்லோருக்கும் ஒரே விலை காட்டுகிற ஒரு திரை பின்னாளில் வந்தபோது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒவ்வொரு கயிறாக

இனிமேல் கணக்கு வேகமாக ஓடும்.

1995-ல் சாம்சங், 1997-ல் எல்.ஜி. இந்தியாவுக்கு வந்தன. சாலிடேரும் டயனோராவும் காணாமல் போயின. வெளிநாட்டுக் கம்பெனிகள் சர்வீஸைத் தாங்களே வைத்துக்கொண்டன. வாரண்டிக்குள் அண்ணாச்சி செட்டைத் திறக்கக்கூடாது, திறந்தால் வாரண்டி போச்சு. மெக்கானிக்காக ஆரம்பித்த மனுஷன் வெறும் விற்பனையாளராக ஆனார். ரெண்டாவது கயிறு.

2006 சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகு தி.மு.க. அரசின் இலவச கலர் டி.வி. அந்த வருஷம் செப்டம்பர் 15-ல் ஆரம்பித்து, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான 14 இஞ்ச் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. முதல் முறை டி.வி. வாங்குகிறவன்தான் நோட்டுக்காரன். அவனுக்கு இப்போ அரசாங்கமே கொடுத்துவிட்டது. எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய சந்தோஷம், அதில் சந்தேகமில்லை. அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை. டி.வி.டி. பிளேயர், ரிமோட், இலவச டி.வி. ரிப்பேர் என்று கொஞ்ச காலம் ஓட்டினார். 2011 செப்டம்பரில் அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கமும் படுத்தது.

நடுவில் மின்வெட்டு. 2012 மார்ச்சில் எங்க ஊர் இடைத்தேர்தல் நடந்தபோது ஞாபகமிருக்கிறதா? எங்கே போனாலும் கரண்ட் பேச்சுதான். அண்ணாச்சிக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் நல்லா ஓடியது, அதை வாங்கும் வசதி உள்ளவர்களிடம். ஆனால் கரண்ட் இல்லையென்றால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் நோட்டில் வரவு இல்லை. அந்த ரெண்டு மூணு வருஷத்தில் வராமல் போன பாக்கிதான் தன் முதலைத் தின்றது என்று அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். ஆன்லைனைச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அப்புறம் பெரிய ஷோரூம்கள். 1965-ல் மயிலாப்பூரில் சின்னக் கடையாக ஆரம்பித்த விவேக்ஸ் சென்னையில் வளர்ந்தது. வசந்த் அன் கோவும், தூத்துக்குடியில் வேர்விட்ட சத்யாவும் தெற்கு மாவட்டங்களில் ஊர் ஊராகக் கிளை விட்டன. கண்ணாடிக் கதவு, ஏ.சி., ஆடித் தள்ளுபடி, வாசலில் பலூன். கம்பெனியிடம் லாரி லாரியாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, மாசம் நாலு பெட்டி வாங்குகிற அண்ணாச்சிக்கு ஒரு விலை. அதோடு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் ஷோரூமுக்குள்ளேயே மேஜை போட்டு உட்கார்ந்து, வட்டியில்லா இ.எம்.ஐ. என்றான். அங்கே வங்கிக் கணக்கும் மாதச் சம்பளமும் உள்ளவனுக்குத்தான் ராஜமரியாதை. அண்ணாச்சியிடம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த நல்ல வாடிக்கையெல்லாம் அங்கே போய்விட்டது. வாரக் கூலிக்காரனும் வராக்கடனும் மட்டும் இங்கே மிச்சம்.

இத்தனைக்கும் பிறகுதான் ஆன்லைன் வருகிறது.

2014

ஃபிளிப்கார்ட் 2007-ல் பெங்களூரில் புத்தகக் கடையாக ஆரம்பித்தது. எங்க ஊர் மாதிரி இடங்களுக்கு அது புரிய ஆரம்பித்தது 2010-ல், பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு வந்த பிறகு. கார்டு இல்லாதவனும் வாங்கலாம். அமேசான் இந்தியாவில் கடை திறந்தது 2013 ஜூன். ஆரம்பத்தில் 627756 என்று எங்க பின்கோடைப் போட்டால் சின்னப் பொருள் வரும், டி.வி., ஃபிரிட்ஜ் வராது. அண்ணாச்சிக்கு அது ஒரு தைரியம். "நம்ம ஊருக்கு எவன் கொண்டாந்து தருவான்?"

2014-ல் அந்தத் தைரியம் போனது. பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஜூலையில் ஷியோமியின் முதல் ஃபோன், ரெண்டும் ஆன்லைனில் மட்டும்தான் கிடைக்கும். கடைக்காரன் கூட விலைக்கு விற்கிறான் என்பதெல்லாம் பிறகு, அவனிடம் அந்தப் பொருளே கிடையாது! காலேஜ் பையன்கள் கடைக்கு வந்து கேட்க, இல்லை என்று சொல்லியே அண்ணாச்சிக்கு வாய் வலித்தது. அக்டோபர் 6-ம் தேதி ஃபிளிப்கார்ட்டின் முதல் பிக் பில்லியன் டே. பத்து மணி நேரத்தில் 10 கோடி டாலர், அதாவது சுமார் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாகச் சொன்னார்கள். தளம் திணறிப்போய் மறுநாள் மன்னிப்பும் கேட்டார்கள்.

அவ்வளவு குறைந்த விலை எப்படி? லாபத்தில் விற்கவில்லை, முதலீட்டாளர் பணத்தில் விற்றார்கள். சட்டப்படி அந்நிய முதலீடு உள்ள இந்த நிறுவனங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்கக்கூடாது, விற்பவனையும் வாங்குபவனையும் சேர்த்து வைக்கும் சந்தையாக மட்டும்தான் இருக்கலாம். விலையில் தலையிடக்கூடாது என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு விதி போட்டது. 2018 டிசம்பரில் இன்னும் இறுக்கியது. ஒரு சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்கள் என்ற புகாரில் 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் ரெண்டு பெரிய நிறுவனங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அண்ணாச்சி கடை மூடி அப்போது ஒரு வருஷம் ஆகப் போகிறது.

அவர் ஒரு நாள் ஒரு பில்லை எடுத்துக் காட்டினார். "தம்பி, இதப் பாரு. மொத்த வியாபாரி எனக்குப் போடுத வெல. அதே செட்ட ஆன்லைன்ல ஜனங்களுக்கு இதவிட எண்ணூறு ரூவா கொறச்சுக் குடுக்கான். நான் அவன்கிட்ட வாங்கி விக்கலாம் போலருக்கே!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் செய்தது

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

2015-ல் வீட்டுக்கு எல்.இ.டி. டி.வி. வாங்க வேண்டும் என்று அப்பா சொன்னார். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். அரை மணி நேரம் நாலு செட்டைப் போட்டுக் காட்டினார். "அந்தப் பேனலு வெயில் வெளிச்சத்துல தெரியாது, ஒங்க வீட்டு முன்னறைக்கு இதுதான் சரி" என்றார். எங்க வீட்டு முன்னறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். காபி வாங்கிக் கொடுத்தார். 32 இஞ்ச், 24,500 சொல்லி, "ஒனக்கு 24 போட்டுக்குடுக்கேன்" என்றார். அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மாடல் நம்பரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அதே மாடல் ஆன்லைனில் 21,200. படி இறங்கி ரெண்டு தெரு தாண்டுவதற்குள் பார்த்துவிட்டேன். அன்று ராத்திரி ஆர்டர் போட்டேன். 2,800 ரூபாய் லாபம். அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அங்க பாத்துட்டு இங்க வாங்குதது நல்லாவா இருக்கு?" என்றார். "காலம் மாறிப்போச்சுப்பா" என்று நான் ஒரு பெரிய தத்துவம் சொன்னேன். அதற்கப்புறம் அப்பா அந்தத் தெரு வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதற்கு அமெரிக்காவில் ஷோரூமிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் பார்ப்பது, வெளியே வாங்குவது. 1921-ல் ஆரம்பித்த ரேடியோ ஷாக் 2015 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. இங்கிலாந்தின் காமெட் 2012-ல் மூடியது. இதில் சர்க்யூட் சிட்டி கதைதான் எனக்கு உறைத்தது. 2007-ல் அவர்கள் செலவைக் குறைக்கிறோம் என்று, கூடச் சம்பளம் வாங்குகிற 3,400 ஊழியர்களை ஒரே நாளில் நீக்கினார்கள். கூடச் சம்பளம் வாங்குகிறவர் யார்? சாமானைப் பற்றித் தெரிந்தவர். அடுத்த வருஷமே திவால், 2009-ல் கடைசிக் கடையும் மூடியாயிற்று. பெஸ்ட் பை மட்டும் ஆன்லைன் விலைக்கே தருகிறோம் என்று அறிவித்து, தெரிந்த ஆட்களையும் வைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது. அங்கே கடை தன் ஆளை விரட்டியது. இங்கே நாங்கள், வாடிக்கைக்காரர்கள், அந்த ஆளுக்குக் கூலி கொடுக்காமல் அவர் தெரிந்து வைத்திருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த 2,800 ரூபாயில் அவருடைய அரை மணி நேரமும் இருக்கிறது.

கதை முடியவில்லை. வாரண்டி முடிந்து மூணாவது மாசம் டி.வி. படுத்தது. சத்தம் வருகிறது, படம் இல்லை. ஃபோன் போட்டு வரவழைத்த சர்வீஸ் பையன் பார்த்துவிட்டு, "பேனல் போயிருச்சு, மாத்தணும்னா 14,000 ஆகும், புதுசே வாங்கிரலாம்" என்று சொல்லி, வந்ததற்கு 400 வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் சென்னையில் இருந்துகொண்டு புது டி.வி. விலை பார்க்க ஆரம்பித்தேன். அப்பா என்னிடம் சொல்லாமல் அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார்.

எங்கே வாங்கினது என்று அவர் கேட்கவே இல்லையாம். கடை மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் டி.வி.யைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, திரையில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். லேசாகப் படம் ஓடுவது தெரிந்திருக்கிறது. "பேனல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி எரியுத எல்.இ.டி. பட்டை போயிருக்கு, அவ்வளவுதான்." மதுரையிலிருந்து பட்டை வரவழைத்து மாட்டினார். மொத்தம் 1,800 ரூபாய். அந்த டி.வி. இன்றைக்கும் எங்க வீட்டில் ஓடுகிறது.

மிச்சம்

2019-ல் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றியதும் அண்ணாச்சி மூடிவிட்டார். மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். அந்த வருஷம் நவம்பரில் எங்க ஊர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்துக்குப் போனது. கடை போர்டில் மாவட்டம் பெயர் மாற்றுகிற செலவு மிச்சம் என்று ஜோக் அடித்தார்.

கடைகள் எல்லாம் ஒழிந்துவிட்டன என்று சொன்னால் அது பொய். ஷோரூம்களில் இன்றும் கூட்டம் இருக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷினைத் தொட்டு, திறந்து பார்த்து வாங்கத்தான் நம்ம ஜனத்துக்குப் பிடிக்கிறது. ஆன்லைனில் மட்டும் விற்போம் என்று வந்த ஷியோமியே 2017-ல் பெங்களூரில் சொந்தக் கடை திறந்தது. 2025 செப்டம்பரில் பெரிய டி.வி.க்கும் ஏ.சி.க்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, கடைக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்துத்தான். கடை பிழைத்துக்கொள்ளும். அண்ணாச்சி மாதிரி கடைதான் பிழைக்கவில்லை. விற்பது, பழுது பார்ப்பது, கடன் கொடுப்பது மூன்றையும் ஒரே ஆள் ஒரே மேஜையில் வைத்திருந்தார். கம்பெனி ஒன்றை எடுத்துக்கொண்டது, ஃபைனான்ஸ்காரன் ஒன்றை எடுத்துக்கொண்டான், மூன்றாவதைத்தான் ஆன்லைன் எடுத்தது. வாரக் கூலிக்காரனுக்குக் கொடுத்த கடனை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்க தெருவில் இன்றைக்கும் தறி ஓட்டுகிற ஒருவர் வாஷிங்மெஷின் வாங்க, மாதச் சம்பள ரசீது இல்லாததால் மகளிர் குழுக் கடன் எடுத்தார். அதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டேன், அந்த 200 ரூபாய் ஞாபகம் வந்தது.

பழுது பார்ப்பதைப் பற்றி இப்போ அரசாங்கமே பேசுகிறது. பொருளைச் சரிசெய்துகொள்ளும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ஒரு தனி இணையதளமே தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் டார்ச் அடித்துப் பார்க்கிற ஆள் ஊரில் இருக்க வேண்டுமே?

இருக்கிறார். தபசுக் கூட்டத்தைத் தாண்டி வந்தபோது அந்த மெக்கானிக்கைப் பார்த்தேன். இப்போ ஆன்லைனில் வாங்குகிற டி.வி.களைச் சுவரில் மாட்டிக் கொடுக்கிறாராம், ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். ரிப்பேருக்கு யாராவது கூப்பிட்டால் தனியாகப் போகிறார். அண்ணாச்சி எப்படி இருக்கார் என்று கேட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் இருக்கிறார் என்றார்.

போய்ப் பார்த்தேன். திண்ணையில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். "வாடே, எப்ப வந்த? ஒங்கப்பா எப்டி இருக்கான்?" பேசிக்கொண்டிருந்துவிட்டு, 2015 விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அண்ணாச்சி, அந்த டி.வி. அன்னிக்கு..."

"மாடல் நம்பர ஃபோட்டோ எடுத்தப்பவே தெரியும்டே" என்றார். "எத்தன பேரு! ஒன்ன மாரி பத்துப் பதினஞ்சு பேரு வாரத்துக்கு. ஒங்கப்பன் வந்து ரிப்பேருக்குச் சொன்னாம் பாரு, அதான் பெருசு. மத்தவன்லாம் அதுக்கப்புறம் கடைப்பக்கமே வரல."

எனக்கு அப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. டிரான்சிஸ்டர் வேலை செய்கிறதா என்று கேட்டேன். பேண்ட் சுவிட்ச் கிடைக்கவில்லை, சென்னையில் ரிச்சி தெருவில் பார்த்து வாங்கி அனுப்ப முடியுமா என்றார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். போன வாரம் போய் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் கிடைத்தது. 35 ரூபாய். ஆன்லைனில் தேடிப் பார்க்கவில்லை.

உங்க ஊரிலும் இப்படி ஒரு ரேடியோ கடை இருந்திருக்கும். இன்னும் இருந்தால் ஒரு தடவை படியேறிப் பாருங்கள். மாடல் நம்பரை மட்டும் படம் எடுக்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும்.